ஊளையிடும் பெட்டி: கிட்டார் பெடலுக்கு ஃபீட்பேக் லூப் நாமே செய்யலாம்

மைக் செட்காரர்கள் எந்தச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று மண்டபத்துக்கு மண்டபம் மல்லுக்கட்டுகிறார்களோ, அதே சத்தத்தை வேண்டுமென்றே வரவழைக்கும் பெட்டிதான் ஃபீட்பேக் லூப் பெடல். மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கரில் பெருகி வெளியே வருகிறது. அது மறுபடி அதே மைக்கில் நுழைந்து இன்னும் பெருகுகிறது. ஒரு நொடிக்குள் ‘வீல்’ என்று ஊளை கிளம்பிவிடும். கிட்டாரில் அதைக் கொண்டுவர ஆம்பைப் பெரிதாக வைத்து அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை மாடியில் இருப்பவருக்கும் காட்பாடிப் பக்கம் கல்லூரி விடுதியில் இருப்பவருக்கும் அது நடக்கிற காரியமா? லூப் பெடலில் ஒலி காற்று வழியே சுற்ற வேண்டியதில்லை. கிட்டார் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட் பெடலின் அவுட்புட்டை ஒரு கம்பி வழியாக அதன் இன்புட்டுக்கே திருப்பி அனுப்புகிறோம். ஆம்ப் முனகுகிற அளவில் இருந்தாலும் ஊளை வரும்.

உள்ளே ஐசி கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது, சர்க்யூட் போர்டுகூடக் கிடையாது. நான்கு ஜாக், இரண்டு கால் ஸ்விட்ச், ஒரு வால்யூம் கன்ட்ரோல், இரண்டு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி, அதற்கு ஒரு டிசி சாக்கெட், அவ்வளவுதான். பெடல் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ், ஓவர்டிரைவ் பெடலெல்லாம் சொல்வதில்லை. இதைத்தான் சொல்வேன். முப்பது பாகம் உள்ள போர்டு வேலை செய்யாவிட்டால் புதிதாக வருகிறவருக்கு எங்கே தேடுவது என்றே தெரியாது. இதில் தப்பு நடந்தால் மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒன்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சுற்று எப்படி ஓடுகிறது

நான்கு ஜாக்குகளுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம்: இன், அவுட், சென்ட், ரிட்டர்ன். கிட்டார் கேபிள் இன்னில் போகும், ஆம்ப் கேபிள் அவுட்டில். சென்டிலிருந்து உங்கள் ஓவர்டிரைவ் பெடலின் இன்புட்டுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிள், அந்தப் பெடலின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு இன்னொன்று. இதுவரை செய்தது சாதாரண பைபாஸ் லூப். ஸ்விட்சை மிதித்தால் பெடல் வரிசையில் சேரும், மறுபடி மிதித்தால் விலகும்.

இப்போது ரிட்டர்னையும் சென்டையும் ஒரு வால்யூம் கன்ட்ரோல் வழியாக இணைத்துவிடுங்கள். பெடலிலிருந்து வெளியே வருவதில் ஒரு பங்கு மறுபடி பெடலுக்குள்ளேயே போகும். ஊளை கிளம்ப இரண்டு விஷயம் கூடிவர வேண்டும். ஒரு முழுச் சுற்று முடிந்து வரும்போது சிக்னல் கிளம்பியதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கிளம்பிய அலையோடு அதே தாளத்தில் வந்து சேரவும் வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் பார்க்ஹவுசன் 1921இல் சொன்ன நிபந்தனை இது. எந்த அதிர்வெண்ணில் இரண்டும் பொருந்துகிறதோ அந்தச் சுருதியில்தான் ஊளை கேட்கும். அதனால்தான் பெடலின் டோன் குமிழைத் திருப்பினால் ஊளையின் சுருதி மாறுகிறது.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1914இல் காப்புரிமை பெற்ற ரீஜெனரேடிவ் ரேடியோவும் இதே வேலையைத்தான் செய்தது. ஒற்றை வால்வின் வெளியீட்டைத் திருப்பி உள்ளே ஊட்டித் தூரத்து நிலையத்தைப் பிடிப்பார்கள். குமிழை ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்பிவிட்டால் அந்த ரேடியோ ஊளையிடும், பக்கத்து வீட்டு ரேடியோவையும் சேர்த்து ஊளையிட வைக்கும். அக்கம்பக்கத்தாரோடு சண்டை என்பது இந்தத் தொழில்நுட்பத்துக்கு அன்றே வந்துவிட்டது.

இணையத்தில் கிடைக்கும் சர்க்யூட் படங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. புதிதாகச் செய்கிறவர்கள் ‘கம்பியெல்லாம் சரி, ஆனால் சத்தமே வரவில்லை’ என்று திணறுவதும் அதனால்தான். திரும்பி வரும் சிக்னல் சென்டில் வந்து சேரும்போது அங்கே கிட்டாரும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிட்டார் சிக்னலைக் கொடுப்பதோடு நிற்பதில்லை, திரும்பி வருவதைக் கொஞ்சம் குடித்தும் விடுகிறது. எவ்வளவு குடிக்கும் என்பது அதன் இம்பீடன்ஸை, அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடையைப் பொறுத்தது. சாதாரண பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) உள்ள எலக்ட்ரிக் கிட்டாரின் இம்பீடன்ஸ் பல ஆயிரம் ஓம், மேல் சுருதிகளில் இன்னும் அதிகம். ஆகவே அது கொஞ்சமாகத்தான் குடிக்கும். கிட்டாருக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சிறு சர்க்யூட்) உள்ள ட்யூனரோ வேறு பெடலோ இருந்தால் கதை வேறு. பஃபரின் அவுட்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு. திரும்பி வருவதை அதுவே விழுங்கிவிடும், ஊளை எழாது. எனவே இந்தப் பெட்டிக்கு முன்னால் கிட்டாரைத் தவிர எதுவும் வேண்டாம். மற்றதெல்லாம் பின்னால்.

சாமான்கள்

கால் இஞ்ச் மோனோ சாக்கெட் நான்கு வேண்டும், ஜாக் என்று சொன்னது இவற்றைத்தான். மைக் செட், ஆம்ப் பழுது பார்க்கும் கடைகளில் ‘பி-38 சாக்கெட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உலோக நட்டு போட்டு முடுக்குகிற, உள்ளே தகடு தெரிகிற மாதிரியான திறந்த சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். வால்யூம் கன்ட்ரோல் 100கே லீனியர், அதன் முதுகில் ‘பி100கே’ என்று அடித்திருக்கும். ரெசிஸ்டர் 4.7கே இரண்டு. 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. ஒன்று. 9 வோல்ட் அடாப்டருக்கான 2.1 மி.மீ. டிசி சாக்கெட் ஒன்று. இவையெல்லாம் வேலூரிலேயே டிவி, ஆம்ப் மெக்கானிக் கடைகளில் கிடைக்கிற ரகம்தான்.

டிசி சாக்கெட் மட்டும் பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக இருக்கட்டும். கிட்டார் பெடல் அடாப்டர்களில் நடு முனை நெகடிவ், வெளி வளையம் பாசிடிவ். உலோக சாக்கெட்டைப் போட்டால் அந்த வளையம் பெட்டியைத் தொடும், பெட்டியோ எர்த், அதாவது நெகடிவ் பக்கத்தோடு சேர்ந்தது, அப்புறம் அடாப்டர் ஷார்ட்.

கால் ஸ்விட்ச் இரண்டும் வேறு வேறு. லூப்பைப் போட்டு எடுக்க 3பிடிடி ஸ்விட்ச், ஒரே மிதியில் மூன்று இணைப்பை மாற்றுவது, அடியில் ஒன்பது கால் இருக்கும், மிதித்தால் ‘டக்’கென்று நிற்கும். ஃபீட்பேக்குக்கு மொமென்டரி ஸ்விட்ச், மிதித்திருக்கும் வரைதான் இணைப்பு, காலை எடுத்தால் விட்டுவிடும். ‘நார்மலி ஓபன்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுக்குமே மிதித்து நிற்கும் ஸ்விட்ச் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்பாராமல் ஊளை எகிறும்போது மனுஷன் முதலில் செய்வது காலைத் தூக்குவதுதான். அந்த நொடியில் சத்தம் நிற்க வேண்டும்.

கால் ஸ்விட்சும் அலுமினியம் டைகாஸ்ட் பெட்டியும் நம்மூர்க் கடைகளில் அபூர்வம். ஆன்லைனில் வாங்கலாம். அல்லது காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், ஷட்டரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். பெட்டியில் 1590பிபி என்ற அளவைக் கேளுங்கள். சுமார் 12 செ.மீ. நீளம், 9.5 செ.மீ. அகலம். 1590பி என்ற சின்னப் பெட்டியில் இரண்டு கால் ஸ்விட்சும் நான்கு ஜாக்கும் திணறும். பெட்டிக்குக் காசு செலவழிக்க மனமில்லையென்றால் எலக்ட்ரிக்கல் கடையில் சுவருக்குள் பதிக்கிற ஜிஐ ஸ்விட்ச் பாக்ஸ் கிடைக்கும். அதைக் கவிழ்த்துப் போட்டாலும் வேலை நடக்கும். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். துளை போட்டுப் பாருங்கள், ஆசை போய்விடும்.

துளை போடுவது

பெட்டியைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் முகத்தில் கீழ்ப்பக்கம் இரண்டு கால் ஸ்விட்ச், நடுவில் 6 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி. ஷூ போட்ட கால் ஒன்றை மிதிக்கும்போது மற்றது படக் கூடாது. மேல்பக்கம் நடுவில் குமிழ், பக்கத்தில் எல்.இ.டி. வலது சுவரில் இன், இடது சுவரில் அவுட், பின்சுவரில் சென்டும் ரிட்டர்னும், அவற்றின் நடுவே டிசி சாக்கெட்.

கால் ஸ்விட்சுக்கு 12 மி.மீ., ஜாக்குக்கு 9.5 அல்லது 10 மி.மீ., வால்யூம் கன்ட்ரோலுக்கு வழக்கமாக 7 மி.மீ., எல்.இ.டி.க்கு 5 மி.மீ. ஆனால் நம் சந்தையில் வால்யூம் கன்ட்ரோலின் கழுத்து கடைக்குக் கடை மாறும். வாங்கிய சாமானை அளந்து பார்த்துவிட்டே துளையிடுங்கள். பெட்டி முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் குறித்து, ஆணியால் ஒரு தட்டுத் தட்டிக் குழி வைத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். நேராக 12 மி.மீ. பிட்டை வைத்தால் அது மேசை முழுக்க நடனமாடும். டிரில் இல்லாதவர்கள் அலைய வேண்டாம். குறித்த பெட்டியை எந்த லேத் பட்டறையில் கொடுத்தாலும் டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

துளை போட்டதும் பெட்டியின் உள்பக்கத்தில் மார்க்கரால் ஒவ்வொரு ஜாக்கின் பெயரையும் எழுதிவிடுங்கள். வெளியே வலதாக இருப்பது கவிழ்த்துப் போட்டால் இடதாகிவிடும். இந்தப் பெட்டியில் நடக்கும் பாதித் தப்புகள் இந்த இட வலக் குழப்பம்தான்.

ஜாக்கை முடுக்கிய பிறகு ஒவ்வொன்றிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். கேபிள் உள்ளே போனதும் நுனியைத் தொடும் தகடு வெளிப்பக்கமாக விரியும். விரிந்த தகடு பெட்டிச் சுவரையோ ஸ்விட்சின் காலையோ தொட்டால் சத்தமே வராது. ஜாக்கைக் கொஞ்சம் சுழற்றி வைத்தால் சரியாகிவிடும்.

கம்பி இணைப்பு

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். நடுவில் பிளக்ஸ் உள்ள 60/40 ஈயம் மெல்லியதாக வாங்குங்கள். கம்பி பல இழை உள்ள ஹூக்-அப் வயராக இருந்தால் நல்லது. லேன் கேபிளை உரித்து எடுத்த ஒற்றை இழைக் கம்பியும் ஓடும், ஆனால் நாலு தடவை வளைத்தால் ஒடியும். ஃபேன் காற்று நேரே அடித்தால் ஈயம் சரியாக உருகாது. ஃபேனை நிறுத்தினால் வேலூர் வெயிலில் நாம் உருகிவிடுவோம். கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலையில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பிளக்ஸ் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

3பிடிடி ஸ்விட்சைக் கவிழ்த்து, கால்களின் தட்டையான முகம் கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை இடமிருந்து வலமாக 1, 2, 3. நடு வரிசை 4, 5, 6. கீழ் வரிசை 7, 8, 9. நடு வரிசைக் கால் ஒவ்வொன்றும் ஒரு மிதிக்கு அதன் மேலே உள்ள காலையும் அடுத்த மிதிக்குக் கீழே உள்ள காலையும் தொடும். 4 ஒரு முறை 1ஐயும் மறுமுறை 7ஐயும் தொடும் என்பது மாதிரி. மல்டிமீட்டரை பீப்பில் வைத்து இதைச் சரிபார்த்த பிறகே அயர்னைச் சூடாக்குங்கள்.

இணைக்க வேண்டியவை:

இன் ஜாக்கின் நுனிக் கால் (கேபிள் நுனியைத் தொடும் தகட்டின் கால்), 4க்கு.
அவுட் ஜாக்கின் நுனிக் கால், 5க்கு.
1க்கும் 2க்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி. பைபாஸ் நிலையில் கிட்டார் நேரே ஆம்புக்குப் போவது இதன் வழியாகத்தான்.
7, சென்ட் ஜாக்கின் நுனிக் காலுக்கு.
8, ரிட்டர்ன் ஜாக்கின் நுனிக் காலுக்கு.
6, எர்த்துக்கு. 9, எல்.இ.டி.யின் குட்டைக் காலுக்கு. எல்.இ.டி.யின் நீளக் காலில் ஒரு 4.7கே ரெசிஸ்டர், அதன் மறுமுனை 9 வோல்ட் பாசிடிவுக்கு. டிசி சாக்கெட்டின் நெகடிவ் முனை எர்த்துக்கு.
3இல் எதுவும் இல்லை.

ஃபீட்பேக் பாதை தனி. ரிட்டர்ன் ஜாக்கின் நுனிக் காலிலிருந்து இன்னொரு கம்பி எடுத்து வால்யூம் கன்ட்ரோலின் மூன்றாவது காலுக்குக் கொடுங்கள். நடுக் காலிலிருந்து மீதமுள்ள 4.7கே ரெசிஸ்டர், அதிலிருந்து மொமென்டரி ஸ்விட்சின் ஒரு கால். மொமென்டரியின் மறு கால் சென்ட் ஜாக்கின் நுனிக் காலுக்கு. முடிந்தது.

மூன்றாவது கால் எது? குமிழ்ப் பக்கம் இருந்து பார்க்கும்போது, கால்கள் கீழே இருந்தால் வலது கடைசி. நீங்கள் பெட்டியைக் கவிழ்த்து முதுகுப் பக்கம் இருந்துதானே பற்றவைப்பீர்கள், அப்போது அது இடது கடைசியாகத் தெரியும். இதைச் சரியாகப் போட்டால் குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஊளை கூடும். மாறிப் போட்டாலும் எதுவும் எரியாது, குமிழ் தலைகீழாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

நான்கு ஜாக்குகளின் ஸ்லீவ் கால்களையும் (கேபிள் முனையின் வெளி உலோகத்தைத் தொடுபவை) ஒரே எர்த் கம்பியால் இணைத்துவிடுங்கள். உலோகப் பெட்டியே அவற்றை இணைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நட்டு தளர்ந்தால் ஹம் சத்தம் கிளம்பும். சென்டுக்குப் போகும் கம்பியும் ரிட்டர்ன் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கக் கூடாது. அதிக கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள ஃபஸ் பெடலை மாட்டினால், மொமென்டரியை மிதிக்காமலே கம்பிக்குக் கம்பி தாவி ஊளை வந்துவிடும். ஒன்றை இந்தச் சுவரோரமாகவும் மற்றதை அந்தச் சுவரோரமாகவும் ஓட்டுங்கள்.

3பிடிடியின் காலில் அயர்னை மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகி, தொடுமுனை இடம் மாறிவிடும். வெளியே பார்த்தால் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கும், ‘டக்’ சத்தமும் வரும், ஆனால் பாதி நேரம் இணைப்பு இருக்காது. முதலில் கம்பி நுனியில் ஈயம் பூசி, காலிலும் கொஞ்சம் பூசி, பிறகு இரண்டையும் ஒட்டவைத்தால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.

கேபிள் செருகும் முன் மீட்டர்

எந்தக் கேபிளும் செருகாமல் மீட்டரை பீப்பில் வையுங்கள். நான்கு ஸ்லீவ்களும் ஒன்றோடொன்று பீப் தர வேண்டும். எந்த ஜாக்கிலும் நுனிக்கும் ஸ்லீவுக்கும் நடுவே பீப் வரக் கூடாது. ஒரு நிலையில் இன் நுனியும் அவுட் நுனியும் பீப் தரும், அதுதான் பைபாஸ். 3பிடிடியை மிதித்தால் அந்த பீப் நின்று, இன்னுக்கும் சென்டுக்கும் ஒரு பீப், ரிட்டர்னுக்கும் அவுட்டுக்கும் ஒரு பீப். இப்போது மீட்டரை ஓமுக்கு மாற்றி சென்ட் நுனியிலும் ரிட்டர்ன் நுனியிலும் வைத்து மொமென்டரியை மிதியுங்கள். குமிழைத் திருப்பினால் சுமார் 105கேயிலிருந்து 4.7கே வரை எண் இறங்க வேண்டும். காலை எடுத்ததும் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. இவ்வளவும் சரியாக வந்தால் மூடியைத் திருகலாம்.

முதல் ஊளை

ஹெட்ஃபோனில் முதல் சோதனை செய்யவே செய்யாதீர்கள். காதுக்கு ஒட்டினாற்போல் திடீரென்று முழு அளவில் ஒரு சைரன் கிளம்பினால் கழற்றுவதற்குள் காது அடைத்துவிடும். ஆம்ப் ஸ்பீக்கரில், வால்யூம் பூஜ்யத்திலிருந்து ஒரு பொட்டு மட்டும் ஏற்றி ஆரம்பியுங்கள். விடுதியில் இருப்பவர்கள் இரவு 10 மணிக்குப் பிறகு வேண்டாம். வார்டன் மட்டுமல்ல, ஒலி மாசு விதியும் அந்த நேரத்திலிருந்துதான் கண்டிப்பாகிறது.

லூப்பில் ஒரு ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன் பெடல் போதும். அதன் கெயின் கால்வாசி, லெவல் பாதி, டோன் நடுவில். நம் பெட்டியின் குமிழ் முழுக்க இடப்பக்கம். கிட்டார் வால்யூம் முழுக்கத் திறந்திருக்கட்டும். 3பிடிடியை மிதித்து ஒரு தந்தியை மீட்டிப் பாருங்கள், ஓவர்டிரைவ் வழக்கம்போல் கேட்க வேண்டும். இப்போது மொமென்டரியை மிதித்தபடியே குமிழை மெல்ல வலப்பக்கம் திருப்புங்கள். முதலில் ஒலி கொஞ்சம் தடிக்கும், தந்தியின் நாதம் மறைய நேரமாகும். அப்புறம் ஒரு மெல்லிய விசில் எட்டிப் பார்க்கும். இன்னும் திருப்பினால் அந்த விசிலே மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு எழும். விசில் எழுவதற்குச் சற்று முன்னால், விழலாமா வேண்டாமா என்று ஒலி தள்ளாடுகிற இடம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டியில் நல்ல சரக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறது. முழுக்கத் திருப்பி வைத்து ஊளையிட யாராலும் முடியும்.

அந்த இடம் குமிழின் கடைசிக் கோடியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால் பி100கேக்குப் பதில் ஏ100கே போடுங்கள். அதுதான் ரேடியோ மெக்கானிக் கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் லாக் வால்யூம் கன்ட்ரோல். அதில் மூன்றாவது காலுக்குப் பதில் முதல் காலையும் நடுக் காலையும் பயன்படுத்துங்கள். குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்யும், ஆனால் நுணுக்கமாகத் திருப்ப இடம் கிடைக்கும்.

இனி இரண்டு கையும் குமிழ்களில்தான். ஓவர்டிரைவின் டோனை இறக்கினால் விசில் இறங்கி மோட்டார் ஓடுகிற மாதிரி உறுமும். கிட்டாரின் டோன் குமிழும் ஊளையின் சுருதியை மாற்றும். கிட்டார் இன்னும் அந்தச் சுற்றின் உள்ளேதானே தொங்குகிறது, அதன் கபாசிட்டரும் பிக்கப் சுருளும் ஊளையின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் சென்ட் எர்த்தோடு சேர்ந்து ஊளை சட்டென்று செத்துவிடும். ஆனால் பத்திலிருந்து ஏழு எட்டுக்கு மட்டும் இறக்கிப் பாருங்கள். பல கிட்டார்களில் ஊளை குறையாமல் கூடும். 250கே வால்யூம் கன்ட்ரோல் உள்ள கிட்டாரில் அந்த நடு நிலையில் இம்பீடன்ஸ் 60கே வரை ஏறுகிறது, ஆகவே கிட்டார் குடிப்பது குறைகிறது. காசு செலவில்லாமல் கிடைத்த இரண்டாவது கன்ட்ரோல் இது. நிறையப் பேர் இதைத் தொட்டே பார்ப்பதில்லை.

லூப்பில் எதை மாட்டலாம் என்றால் எதையும்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஃபஸ் பெடல் எடுத்த எடுப்பிலேயே கத்தும், அடக்குவது கஷ்டம். ஃபேஸரை ஓவர்டிரைவுக்குப் பின்னால் சேர்த்தால் ஊளை ஆம்புலன்ஸ் சைரன்போல் ஏறி இறங்கும். பாதத்தால் ஆட்டுகிற வா-வா பெடலைச் சேர்த்தால் சுருதி உங்கள் பாதத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் பழகினால் அதில் ஒரு கமகத்தையே இழுத்துவிடலாம், தந்தியைத் தொடாமலே. ஒலியை எதிரொலிபோல் தாமதித்துத் தரும் டிலே தனி உலகம். டைம் குமிழைத் திருப்பும்போது பழைய டேப் ரெக்கார்டரை கையால் இழுத்த மாதிரி சுருதி வழுக்கும். ஆனால் டிலேயில் காலை எடுத்தாலும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஒலி ஓயக் கொஞ்ச நேரமாகும். அவசரத்துக்கு 3பிடிடியை மிதித்து பைபாஸுக்குப் போய்விடுங்கள்.

கிட்டாரே இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்களும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த தோஷிமாரு நகமுரா மிக்ஸர் போர்டின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, எந்தக் கருவியும் இணைக்காமல் கச்சேரி செய்கிறவர். உங்கள் பெட்டியிலும் இன் ஜாக்கில் எதுவும் செருகாமல் மிதித்துப் பாருங்கள். குடிக்க ஆள் இல்லாததால் ஊளை இன்னும் முரட்டுத்தனமாக வரும், எனவே ஆம்பைக் குறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வராவிட்டால்

மீட்டர் சோதனை சரியாக வந்தும் ஊளை வரவில்லை என்றால் முதலில் முன்னால் பஃபர் இருக்கிறதா என்று பாருங்கள். வயர்லெஸ் ரிசீவர், ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டார், ப்ரீஆம்ப் வைத்த எலக்ட்ரோ-அகூஸ்டிக் எல்லாமே இந்த வகையில் சேரும். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிற நிறையப் பேரிடம் எலக்ட்ரோ-அகூஸ்டிக்தான் இருக்கும். அவர்கள் 7க்கும் சென்ட் நுனிக்கும் நடுவே இருக்கும் கம்பியை எடுத்துவிட்டு அங்கே ஒரு 22கே ரெசிஸ்டர் போட வேண்டும். மொமென்டரியிலிருந்து வரும் கம்பி எப்போதும்போல் சென்ட் நுனியிலேயே இருக்கட்டும். இனி முன்னால் பஃபர் இருந்தாலும் அதால் 22கேயைத் தாண்டி வந்து குடிக்க முடியாது. பஃபர் இல்லாத கிட்டாருக்கு இதைப் போட்டால் ஒலி லேசாக மங்கும், அதனால் தேவையில்லாமல் போட வேண்டாம்.

இரண்டாவது காரணம், பெடல் அலையைத் தலைகீழாக்கி அனுப்புகிற வகையாக இருக்கலாம். திரும்பி வருவது எதிர்த் தாளத்தில் வந்து, ஊளைக்குப் பதில் ஒலி மெலிந்து போகும். இல்லாவிட்டால் காதைக் கிழிக்கிற உச்சச் சுருதியில் மட்டும் கத்தும். லூப்பில் இன்னொரு பெடலைச் சேர்த்துப் பாருங்கள். அதுவும் தலைகீழாக்குகிற வகை என்றால் இரண்டும் சேர்ந்து நேராகிவிடும். டிலே பெடலைச் சேர்த்தால் இந்தத் தொல்லையே வராது. தாமதம் நீளமாக இருக்கும்போது ஏதாவது ஒரு சுருதியாவது தாளத்தில் வந்து சேர்ந்தே தீரும்.

மிதிக்கும்போதெல்லாம் ‘டப்’ என்று சத்தம் வந்தால், சென்ட் நுனிக்கும் எர்த்துக்கும் ஒரு 1 மெக் ஓம் ரெசிஸ்டர், ரிட்டர்ன் நுனிக்கும் எர்த்துக்கும் இன்னொன்று போடுங்கள், பெருமளவு அடங்கும். லூப்பில் இருக்கும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தால் எர்த் கம்பியின் ஏதோ ஒரு ஒட்டு பிடிக்கவில்லை என்று அர்த்தம். பைபாஸிலும் அதே ஹம் என்றால் குற்றம் பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கலாம். பழைய வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், எர்த் முள்ளுக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கிட்டார் தந்தியைத் தொட்டால் ஹம் குறைவதும் தொடாவிட்டால் கூடுவதும் கிட்டார்களின் சாதாரண இயல்பு. தொடும்போது சுரீர் என்று பிடித்தால் மட்டும் உடனே ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.